ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்களும் ஊர்த் தலைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசலாமா?

பேசக் கூடாது. செனகல் நாட்டு மீனவக் கிராமத்துக்கும் எத்தியோப்பிய மலைநாட்டுக் கிராமத்துக்கும் மொழி, மதம், சொத்துரிமை, கல்யாண வழக்கம் எல்லாமே வேறு. மலாவியின் மத்தியப் பகுதியில் வாழும் செவா மக்களிடம் நிலம் தாய்வழியில் இறங்குகிறது. கென்யாவின் பெரும்பாலான இனங்களில் அது அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் "ஆப்பிரிக்கப் பெண்கள்" என்று பொதுவாக அளக்காமல், நைஜர், கென்யா, மலாவி, செனகல், உகாண்டா, தான்சானியா என்று ஊரும் பேரும் சொல்லியே எழுதியிருக்கிறேன். ஒரு நாட்டில் பலித்தது அடுத்த நாட்டிலும் பலிக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பொதுவான சிக்கல் என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது. உழைப்பு பெண்ணுடையது, ஆனால் நிலத்தின் பத்திரமும் அறுவடைப் பணமும் ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமையும் பெரும்பாலும் ஆணிடம். சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் விவசாய வேலை செய்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். நல்ல விதை, உரம், கடன், நிலம் இவையெல்லாம் ஆண் விவசாயிக்குக் கிடைப்பதுபோல் பெண்ணுக்கும் கிடைத்தால் அவள் வயலின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011-ல் சொன்னது. வளரும் நாடுகள் எல்லாவற்றுக்குமான கணக்கு அது. அவளுக்கு விவசாயம் தெரியாததால் வந்த இழப்பு இல்லை இது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் வந்தது.

புருஷன் செத்த மறுமாதமே அவன் அண்ணன் தம்பிகள் வந்து "இது எங்கள் குடும்பத்து நிலம்" என்று விதவையை வெளியேற்றுவது பல இடங்களில் இன்றும் நடக்கிறது. தாய்வழிச் சொத்து உள்ள மத்திய மலாவியில்கூட நிலம் யார் வழியில் வருகிறது என்பது ஒன்று, அதைப் பற்றி முடிவெடுப்பது யார் என்பது வேறொன்று. அங்கே கடைசி வார்த்தை பெரும்பாலும் தாய்மாமனுடையது.

தலைமை என்பதே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் அங்கே போய்க் கற்றுக்கொடுத்ததுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் முதலில் 1929-ஐப் பற்றித்தான் சொல்வேன். தென்கிழக்கு நைஜீரியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆண்களுக்கு ஏற்கெனவே வரி போட்டாகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஒலோக்கோ என்ற ஊரில், அரசு நியமித்த தலைவனின் ஆள் ஒருவன் வீடு வீடாகப் போய் ஆள், ஆடு எல்லாம் கணக்கெடுத்தான். வீட்டில் பனை எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த நுவன்யெருவா என்ற விதவை, "உன் அம்மாவையும் எண்ணிவிட்டார்களா?" என்று திருப்பிக் கேட்டார். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி பனையோலைகளோடு ஊர் ஊராகப் போனது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு அந்த நியமனத் தலைவர்களின் வீடுகளை முற்றுகையிட்டார்கள், பகலும் இரவும் பாடியே அவர்களைத் தூங்கவிடாமல் செய்தார்கள், பதவியின் அடையாளமான தொப்பியைக் கேட்டு வாங்கினார்கள். அரசுப் படை சுட்டதில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஆனாலும் பெண்களுக்கு வரி வரவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் நியமனத் தலைவர் முறையையே மாற்றி அமைத்தார்கள், சில ஊர்களில் பெண்களும் உள்ளூர் நீதிமன்றங்களில் உட்கார்ந்தார்கள்.

இதற்கு எந்தப் பயிற்சி முகாமும் நடக்கவில்லை. ஒரு ஆண் அத்துமீறினால் ஊர்ப் பெண்கள் கூடி அவன் வாசலில் உட்கார்ந்து பாடி அவமானப்படுத்துவது அந்தப் பகுதியில் வாழும் இக்போ மக்களிடம் பழைய வழக்கம். சந்தை மூலமாகவும், கல்யாணமாகிப் போன ஊர்கள் மூலமாகவும் பெண்களுக்குள் தொடர்பு இருந்தது. கானாவின் அகான் மக்களிடம் இன்றும் ராஜமாதாதான் அடுத்த தலைவர் யாரென்று முன்மொழிகிறார். காலனி ஆட்சி வந்தபோது வெள்ளைக்கார அதிகாரிகள் ஆண் தலைவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள், பெண்களின் சபைகள் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. அதனால் நடந்த சேதத்தில் ஒரு பகுதியைத்தான் இப்போது சரிசெய்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? பயிற்சியா, பணமா, பதவியா?

என் கருத்து: கையில் சொந்தமாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அது பணமாக இருக்கலாம், நாற்றங்காலாக இருக்கலாம், நிலப் பத்திரமாக இருக்கலாம். எதுவுமே இல்லாமல் மூன்று நாள் "தலைமைப் பண்பு" பயிற்சி கொடுத்துச் சான்றிதழோடு அனுப்பினால், அவள் வீட்டுக்குப் போய் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழையபடி தண்ணீர் எடுக்கப் போவாள். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் வரும் பணத்தில் நிறையவே பயிற்சிக்குப் போகிறது, ஏனென்றால் அதற்குக் கணக்குக் காட்டுவது சுலபம்.

இதுவரை பரவியதில் எளிமையானது சேமிப்புக் குழு. 1991-ல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் (CARE) என்ற தொண்டு நிறுவனத்தின் திட்டமாகத் தொடங்கியது. ஹவுசா மொழியில் "மாட்டா மாசு துபாரா" என்று பேர் வைத்தார்கள். அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்த டொன்டின் பழக்கத்தின் மேல்தான் அதைக் கட்டினார்கள். டொன்டின் என்றால் நம் ஊர்ச் சீட்டு மாதிரி: எல்லோரும் போடுவார்கள், முறை வைத்து ஒருவர் எடுப்பார்.

அந்தக் குழு உண்மையில் எப்படி நடக்கிறது?

15 முதல் 25 பேர், பெரும்பாலும் பெண்கள், வாரம் ஒருமுறை கூடுவார்கள். ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு. பெட்டி ஒருவர் வீட்டில், மூன்று சாவியும் வேறு மூன்று பேரிடம். யாரும் தனியாகத் திறக்க முடியாது, புருஷனோ மாமனாரோ வந்து மிரட்டினாலும் "சாவி என்னிடம் இல்லையே" என்று சொல்லிவிடலாம். ஒரு பங்கின் விலையைக் குழுவே முடிவு செய்யும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் 1 முதல் 5 பங்குவரை வாங்கலாம். சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கடன், வழக்கமாகத் தன் சேமிப்பைப்போல் மூன்று மடங்குவரை. வட்டியையும் அவர்களே வைக்கிறார்கள், அது திரும்ப அவர்களின் பெட்டிக்கே வருகிறது. சாவு, நோய், தீ விபத்து என்று வந்தால் கொடுக்கத் தனியாகச் சின்ன நிதி ஒன்று. ஏறக்குறைய ஒரு வருடம் ஆனதும் மொத்தத்தையும் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்வார்கள். பிறகு வேண்டுமானால் புதிதாகத் தொடங்கலாம், ஒத்துவராதவரை விட்டுவிடலாம்.

அந்தப் பிரிக்கும் நாளை விதைப்புக்கு முன்னாலோ பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்திலோ வருகிறபடி அமைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. வங்கிக்காரர் போடும் அட்டவணை கிடையாது, வயலும் பிள்ளைகளின் படிப்பும் போடும் அட்டவணை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கணக்கை எப்படி வைத்துக்கொள்கிறார்கள்?

நைஜரில் தொடங்கியபோது எல்லோரும் ஒரே தொகை போட்டார்கள், கணக்கு மனதிலேயே இருந்தது. பின்னால் வந்த முறையில் ஆளுக்கு ஒரு சிறு புத்தகம், வாங்கிய ஒவ்வொரு பங்குக்கும் ஒரு ரப்பர் முத்திரை. கூட்டம் முடியும்போது பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லி எல்லோரும் மனதில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் பெட்டியைத் திறக்கும்போது "போன தடவை எவ்வளவு?" என்று கேட்டு, எண்ணிப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். 20 பேரின் நினைவை ஏமாற்றுவது கஷ்டம். படித்த செயலாளர் ஒருவர் மட்டும் நோட்டு வைத்திருந்தால் அவரை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

இது நம் சுய உதவிக் குழுவேதானா?

நெருக்கம்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இந்தியாவில் குழு சேமித்த பிறகு வங்கிக் கடனோடு இணைக்கப்படுகிறது, அரசுத் திட்டங்களும் அதன் வழியே வருகின்றன. ஆப்பிரிக்காவின் சேமிப்புக் குழுக்களில் பெரும்பாலானவை வெளிக்கடன் வாங்குவதில்லை, அவர்கள் பணம் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. கடன் வசூலிக்க யாரும் வீட்டு வாசலில் நிற்பதில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் பெரிய தொகை தேவைப்படும் தொழிலுக்கு அது போதாது, அதுவும் உண்மை. நேரடித் தொடர்பும் ஒன்று உண்டு: 2000-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் சுய உதவிக் குழு முறையைப் பார்த்துவிட்டுப் போய் எத்தியோப்பியாவில் தொடங்கினார்கள், அங்கே அது நன்றாகவே வேர் பிடித்திருக்கிறது.

சேமிப்புக் குழுவால் வறுமை ஒழிந்துவிடுமா?

ஒழியாது. கானா, மலாவி, உகாண்டா மூன்று நாடுகளிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. குழுக்கள் வந்த ஊர்களில் சேமிப்பும் கடன் வசதியும் கூடின, சிறு தொழில்கள் கொஞ்சம் மேம்பட்டன, வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரல் உயர்ந்தது. ஆனால் குடும்பத்தின் சராசரிச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுச் சிலர் "அப்போ இது தோல்விதானே" என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வருமானத்தை மழையும் சந்தை விலையும் சாலையும் தீர்மானிக்கின்றன, பெட்டி அதை மாற்றாது. பெட்டி மாற்றுவது வேறொன்றை. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

பெட்டியிலிருந்து பதவிக்கு எப்படிப் போகிறார்கள்?

குழுவுக்குத் தலைவி, செயலாளர், பெட்டி வைத்திருப்பவர், பணம் எண்ணுபவர் இருவர் என்று ஐந்து பொறுப்புகள். வருடா வருடம் தேர்தல். பல குழுக்களில் ஆளுக்கொரு பை வைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் அதில் கூழாங்கல் போட்டு வாக்களிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: ஊர்க்கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பெண், வாராவாரம் 20 பேர் முன்னால் எழுந்து "நான் இந்தக் கடனை இதற்காகக் கேட்கிறேன்" என்று சொல்கிறாள். அடுத்தவளிடம் "போன மாதத் தவணை ஏன் வரவில்லை?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறாள். சண்டை வந்தால் தீர்த்து வைக்கிறாள், தோற்றால் பொறுப்பை அடுத்தவளிடம் ஒப்படைக்கிறாள். பஞ்சாயத்து நடத்தத் தேவையான எல்லாமே இதில் இருக்கின்றன.

நைஜரில் 2000-ல் வந்த சட்டம் தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் குறைந்தது 10 சதவீதம் பெண்களுக்கு என்றது. 2004 உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகள் பெண் வேட்பாளர்களைத் தேடி அலைந்தபோது, இந்தக் குழுக்களிலிருந்துதான் நிறையப் பேர் முன்வந்தார்கள், வென்று மன்றங்களுக்கும் போனார்கள். இடத்தைத் திறந்தது சட்டம். அதில் போய் உட்காரத் தயாராக இருந்தவர்கள் 13 வருடமாக மரத்தடியில் கணக்குக் கேட்டுப் பழகியவர்கள்.

பணம் இல்லாமலே தொடங்கிய உதாரணம் உண்டா?

வாங்கரி மாத்தாய். பேர் தெரியாதவர்கள் குறைவு, ஆனால் வேலை எப்படி நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. கென்யக் கிராமங்களில் பெண்களிடம் "என்ன பிரச்சினை?" என்று கேட்டபோது விறகு இல்லை, தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை என்றார்கள். மூன்றுக்கும் காரணம் மரம் போனதுதான் என்று அவர் பார்த்தார். 1977 ஜூன் 5 அன்று நைரோபியில் 7 மரக்கன்றுகளோடு பசுமை வளைய இயக்கம் தொடங்கியது. வனத்துறைக்காரர்கள் "மரம் வளர்ப்புக்குப் பட்டப்படிப்பு வேண்டும், கிராமத்துப் பெண்களால் ஆகாது" என்றார்கள். பெண்கள் உடைந்த பானைகளிலும் தகர டப்பாக்களிலும் உள்ளூர் விதைகளை முளைக்க வைத்தார்கள். நட்ட கன்று பிழைத்தால் கன்றுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. நட்டதற்கு அல்ல, பிழைத்ததற்கு என்பதைக் கவனியுங்கள். நட்டுவிட்டுப் போட்டோ எடுக்கும் திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதில்தான். இதுவரை 5 கோடிக்கும் மேல் மரங்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். மரத்தைக் காப்பாற்ற நிலத்தைக் காப்பாற்ற வேண்டும், நிலத்தைக் காப்பாற்ற அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குப் புரிந்தது. 1992-ல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள், பெரும்பாலும் வயதான கிராமத்துப் பெண்கள், நைரோபியின் உஹுரு பூங்காவில் மாத்தாயோடு உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். போலீஸ் அடிக்க வந்தபோது சில தாய்மார்கள் தங்கள் உடைகளைக் களைந்து நின்றார்கள். தாயின் வயதுள்ள பெண் அப்படி நிற்பது அங்கே பெரிய சாபம். அதன்பிறகு ஒரு தேவாலயத்தில் தங்கி மாதக்கணக்கில் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1993 தொடக்கத்துக்குள் அவர்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மாத்தாய்க்கு 2004-ல் அமைதி நோபல் கிடைத்தது, ஆப்பிரிக்கப் பெண்களில் அதை முதலில் பெற்றவர் அவர்தான்.

நிலம் பெண் பேரில் வர என்ன செய்கிறார்கள்?

சட்டம் பல நாடுகளில் நன்றாகவே இருக்கிறது. தான்சானியாவின் 1999 கிராம நிலச் சட்டம் பெண்ணுக்குச் சம உரிமை தருகிறது, நிலத் தகராறைப் பார்க்கும் கிராமக் குழுவின் 7 பேரில் குறைந்தது 3 பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. சியரா லியோன் 2022-ல் கொண்டுவந்த வழக்காற்று நிலச் சட்டம் நிலக் குழுக்களில் 30 சதவீதம் பெண்களுக்கு என்று வைத்தது. ருவாண்டாவில் 1999-லேயே மகளுக்கும் வாரிசுரிமை வந்துவிட்டது. ஆனால் பதிவுத் திருமணம் செய்யாத பெண்ணுக்கும் இரண்டாம் மனைவிக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. இப்படி ஓட்டைகள் உண்டு.

எனக்குப் பிடித்தது எத்தியோப்பியா செய்த ஒரு சின்ன விஷயம். 2000-களில் அங்கே நிலச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியபோது சில மாநிலங்களில் கணவன் மனைவி இருவர் பேரையும் எழுதி, இருவர் புகைப்படத்தையும் ஒட்டினார்கள். படிக்கத் தெரியாத பெண்ணும் தன் முகத்தைக் காட்டி "இது என்னுடையதும்தான்" என்று சொல்லலாம். விவாகரத்திலும் விதவைக் காலத்திலும் அந்தப் படம் பேசும்.

2016 அக்டோபரில் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிராமத்துப் பெண்கள் தான்சானியாவின் அருஷாவில் கூடி நில உரிமைக் கோரிக்கைகளை எழுதினார்கள். அவர்களில் சிலர் கிளிமஞ்சாரோ மலையிலும் ஏறினார்கள். அந்த சாசனம் ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் போனது. விழா மாதிரித் தெரியலாம், ஆனால் கோரிக்கைகளைத் தங்கள் ஊர்களில் பேசி எழுதிக் கொண்டுவந்தவர்கள் அவர்களேதான்.

இட ஒதுக்கீடு உதவுகிறதா, இல்லை பொம்மைப் பதவியா?

இரண்டும் நடக்கிறது. உகாண்டாவில் 1997 சட்டப்படி உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஆனால் பெண் உறுப்பினருக்கு இரண்டு மூன்று வார்டுகளைச் சேர்த்து ஒரு தொகுதியாகக் கொடுப்பார்கள். அலைச்சல் இரட்டிப்பு, கையில் காசு கிடையாது, "நீ பெண்களின் பிரதிநிதி, சாலையைப் பற்றி நீ ஏன் பேசுகிறாய்?" என்ற பேச்சு வேறு. ருவாண்டா நாடாளுமன்றத்தின் கீழவையில் 2013-ல் 64 சதவீதம் பெண்கள், உலகிலேயே அதிகம். ஆனால் கிராம அளவில் பொறுப்பேற்கும் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது, வயல் வேலை, வீட்டு வேலை, ஊர் வேலை மூன்றும் அவள் தலையில். செனகலின் 2010 சமநிலைச் சட்டம் வேட்பாளர் பட்டியலில் ஆண், பெண் மாறி மாறி வர வேண்டும் என்றது. 2014 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு மன்றங்களில் பெண்களின் பங்கு பாதியை நெருங்கியது, அதே தேர்தலில் முஸ்லிம் புனித நகரமான தூபா ஆண்கள் மட்டுமே உள்ள பட்டியலைக் கொடுத்து அப்படியே நின்றது.

இருந்தாலும் நான் இட ஒதுக்கீட்டின் பக்கம்தான். பொம்மையாக உட்கார வைத்த பெண்ணும் இரண்டாவது வருடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்கத் தொடங்கலாம், நாற்காலியே இல்லாதவளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஊர்த் தலைவர்களும் மதத் தலைவர்களும் இதற்கு எதிரிகளா?

அப்படி நினைத்துக்கொண்டு போகிறவர்கள் சீக்கிரம் தோற்கிறார்கள். மலாவியின் டெட்சா மாவட்டத்தில் தெரேசா கச்சிண்டமோட்டோ என்பவர் 2003-ல் மூத்த தலைவியானார். அதற்கு முன்னால் 27 வருடம் ஒரு கல்லூரியில் செயலராக வேலை பார்த்தவர். 12, 13 வயதுப் பெண் குழந்தைகள் கையில் பிள்ளையோடு நிற்பதைப் பார்த்து, தனக்குக் கீழே இருந்த கிராமத் தலைவர்களை எல்லாம் கூப்பிட்டு, குழந்தைத் திருமணம் கூடாது என்று கையெழுத்து வாங்கினார். மீறியவர்களைப் பதவியிலிருந்து நீக்கினார், அந்தத் திருமணங்களை ரத்து செய்துவிட்டதற்கு ஆதாரம் காட்டிய பிறகே திரும்பச் சேர்த்தார். 2016 வாக்கில் 850-க்கும் மேல் திருமணங்கள் ரத்தாகியிருந்தன, பெண்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். நாடு தன் அரசியல் சாசனத்தைத் திருத்தித் திருமண வயதை 18 ஆக்கியது 2017-ல்தான். சட்டம் வருமுன்பே பழைய வழக்காற்று அதிகாரத்தை வைத்தே ஒரு பெண் இதைச் செய்துவிட்டார்.

செனகல் கதை இன்னும் நுட்பமானது. மாலிகுண்டா பம்பாரா கிராமத்தில் டோஸ்தான் அமைப்பின் வகுப்புகளில் தாய்மொழியிலேயே உடல்நலமும் உரிமைகளும் படித்த பெண்கள், 1997 ஜூலை 31 அன்று பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை வெட்டும் சடங்கை விட்டுவிடுவதாக ஊரறிய அறிவித்தார்கள். பக்கத்து ஊர்களில் கோபம். கேர் சிம்பாரா என்ற ஊரின் இமாம் தெம்பா தியவாரா அப்போது ஒரு விஷயத்தைச் சொன்னார்: நம் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்வது பல ஊர்களில், ஒரு ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்ணை யார் எடுப்பார்கள்? பெண் கொடுத்து எடுக்கும் எல்லா ஊர்களும் சேர்ந்து விட வேண்டும். நடந்தே ஊர் ஊராகப் போய் உறவினர்களிடம் பேசினார். 1998-ல் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன, பிறகு அது ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் போனது. செனகல் சட்டம் 1999-ல்தான் வந்தது.

வீட்டு ஆண்கள் எதிர்த்தால்?

எதிர்ப்பார்கள். அதை மறைத்துப் பேசக் கூடாது, பெண் கையில் பணம் வந்த பிறகு வீட்டில் அடி கூடிய சம்பவங்களும் உண்டு. அதனால் ஆரம்பத்திலேயே அவர்களையும் உட்கார வைக்க வேண்டும். நைஜரின் ஜிண்டர் பகுதியில் கணவர்களுக்கென்றே "கணவர் பள்ளி" நடத்துகிறார்கள், மனைவியின் பிரசவத்துக்கும் மருத்துவமனைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று ஆண்களே கூடிப் பேசுகிறார்கள். உகாண்டாவின் கசேசே பகுதியில் காபி விவசாயிகளிடம் வேறு முறை: கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு மரம் வரைவார்கள். வேரில் யார் என்ன வேலை செய்கிறார்கள், கிளையில் யாருக்காக என்ன செலவாகிறது. முடிந்ததும் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரியும். யாரும் குற்றம் சொல்லத் தேவையில்லை, அவரே வரைந்தது. அதைப் பார்த்த பிறகு காபிப் பழம் பறிப்பதில் கைகொடுக்க வந்தவர்களும் நிலத்தில் மனைவி பேரைச் சேர்த்தவர்களும் உண்டு.

செல்பேசி இதில் என்ன செய்கிறது?

கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை, பணத்தை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளும் இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது. ஏறக்குறைய 1,85,000 பெண்கள் பிழைப்புக்கு மட்டுமான விவசாயத்திலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாற அது உதவியது என்று 2016-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. போன் கணவன் பேரில் இருந்தால் இதில் எதுவும் நடக்காது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து உதவப் போகிறவர்கள் அடிக்கடி எங்கே சறுக்குகிறார்கள்?

கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பது. அது களையெடுக்கும் நேரம், வருபவர்கள் வேலையாள் வைத்துக்கொள்ள வசதி உள்ள வீட்டுப் பெண்கள் மட்டும்தான், அப்புறம் அவர்களே "பெண்கள் பிரதிநிதி" ஆகிவிடுவார்கள். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பேசுவது இன்னொன்று. டோஸ்தான் மூன்று வருட வகுப்பை உள்ளூர் மொழிகளில் நடத்தியதால்தான் பெண்கள் திரும்பிப் பேசினார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யாமலே "வருகை குறைவு" என்று அறிக்கை எழுதுவது. குழு உருவான முதல் மாதமே வெளிப்பணத்தைக் கொட்டுவது, இதுதான் ரொம்ப மோசம்: அடுத்தவர் பணம் என்றால் திருப்பித் தரத் தோன்றாது, குழு உடையும். அப்புறம், ஏற்கெனவே 14 மணி நேரம் வேலை செய்பவளுக்குத் "தலைமை" என்ற பேரில் இன்னும் மூன்று மணி நேர வேலை சேர்ப்பது. கிணற்றை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவருவதும் மாவு அரைக்கும் எந்திரம் வைப்பதும் தலைமைத் திட்டத்தின் பகுதிதான், நேரம் இல்லாதவள் எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டாள்.

நான் பணம் கொடுக்க நினைக்கிறேன். ஒரு அமைப்பு நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதற்குப் பெரிய எண் ஒன்று தயாராக இருக்கும். இவற்றைக் கேளுங்கள்: மூன்று வருடத்துக்கு முன் தொடங்கிய குழுக்களில் எத்தனை இன்றும் உங்கள் ஆள் இல்லாமலே கூடுகின்றன? குழுவின் பணமும் சாவியும் யாரிடம் இருக்கின்றன? இந்த வேலையை இங்கே செய்யலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? களத்தில் வேலை செய்பவர் அந்த ஊர் மொழி பேசுபவரா? இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர்களுக்குக் கொடுங்கள். முடிந்தால் ஒரே தடவை பெரிதாகக் கொடுப்பதைவிட ஐந்து வருடம் சிறிதாகக் கொடுங்கள். மாலிகுண்டா பம்பாராவில் ஊரே கூடி அறிவிப்பதற்கு முன்னால் எத்தனை வகுப்புகள் ஓசையில்லாமல் நடந்திருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், முதல் வருட அறிக்கையில் ஒன்றும் இல்லையே என்று கையை இழுத்துக்கொள்ள மாட்டீர்கள்.